இடம்பெயர்வுப் பை: போர் பழக்கியதும் அனர்த்தத்தில் மாற்ற வேண்டியதும்

எங்கள் வீட்டில் ஓர் உரப்பை இருந்தது. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையும், அங்கிருந்து செட்டிகுளம் முகாம் வரையும் அம்மா கைவிடாமல் கொண்டுவந்த பை. அடையாள அட்டைகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உத்தரவுப் பத்திரம், காணாமல்போன அண்ணாவின் பாடசாலைக் காலத்துப் படம் எல்லாம் அதற்குள்தான். ஷெல்லுக்குத் தப்பிய அந்தப் பை 2018 டிசெம்பர் வெள்ளத்துக்குத் தப்பவில்லை. இரவோடிரவாகத் தண்ணீர் ஏறியபோது அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. விடிந்து எடுத்துப் பார்த்தால் அண்ணாவின் படத்தில் முகம் இல்லை.

அனர்த்தத்துக்கு ஆயத்தமாவது பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். பாதி உண்மை. பையைக் கட்டி வைக்கவும், சொன்னவுடன் வெளிக்கிடவும் போர் எங்களைப் பழக்கியது. ஆனால் ஷெல்லுக்குச் சரியாக இருந்த சில பழக்கங்கள் தண்ணீருக்கும் காற்றுக்கும் பிழை.

தாழ்வான இடம் அல்ல, மேடு

ஷெல் வந்தால் பங்கருக்குள் இறங்கினோம். வெள்ளத்திலும் சுனாமியிலும் தாழ்வான இடம்தான் முதலில் நிரம்பும். ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு என்றாலும் பெரிய ஆளையே இழுத்துவிடும். ஆகவே தெரிந்த பாதை என்று மதகையும் வாய்க்காலையும் இரவில் கடக்க வேண்டாம். பக்கத்துக் குளம் வான் பாயப் போகிறது என்ற அறிவித்தல் வந்தால், வெளிச்சம் இருக்கும்போதே வெளிக்கிடுங்கள்.

சுனாமி: கடல் வற்றும் வரை காத்திருக்காதீர்கள்

2004 டிசெம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தது சுமாத்திராவுக்கு அருகே, எங்களிடமிருந்து ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் தூரத்தில். இங்கே பெரும்பாலானோர் எதையும் உணரவில்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எப்போதும் நடப்பதில்லை. முதலில் அலையே ஏறி வரலாம். பின்னால் வரும் அலை முதல் அலையைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். அதனால் அதிகாரிகள் சொல்லும் வரை பொருள் எடுக்கவோ, வேடிக்கை பார்க்கவோ கரைக்குத் திரும்பக் கூடாது.

பாதையை இன்றே பாருங்கள். எங்கள் கரைகளில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே குடியிருப்புகள் அதிகம். முல்லைத்தீவு நகரில் இருப்பவருக்கு வட்டுவாகல் பாலம் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடையில் கிடக்கிறது. முள்ளியவளை வீதிதான் உள்ளே போகிறது. உங்கள் ஊரிலும் எந்த வீதி கரையை விட்டு விலகிப் போகிறது என்று பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து பாருங்கள்.

நிலம் அதிர்ந்தால்

இலங்கையில் பெரிய நிலநடுக்கம் அரிது. அதிர்ந்தால் வெளியே பாய வேண்டாம். உறுதியான மேசைக்குக் கீழே புகுந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அலுமாரி, கண்ணாடி யன்னல் பக்கம் நிற்க வேண்டாம். அதிர்வு நின்ற பிறகு வெளியே வாருங்கள். கரையோரத்தில் இருந்தால், நீண்ட அதிர்வு நின்றதும் அறிவித்தலுக்குக் காத்திராமல் உள்ளே நடவுங்கள்.

சூறாவளி: இடையில் வரும் அமைதி

ஷெல்லடி ஓய்ந்தால் தண்ணீர் அள்ளவும் சமைக்கவும் வெளியே வருவோம். சூறாவளியில் அந்தப் பழக்கம் ஆபத்து. சூறாவளியின் கண் எங்களுக்கு மேலால் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதற்காற்றில் ஆட்டம் கண்ட கூரையும் மரமும் இரண்டாம் காற்றில் விழும். 1978 நவம்பரில் மட்டக்களப்பு பட்ட அழிவை அங்கே மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் காற்று தொடங்க முன்னரே கல்வீட்டுக்கோ பாடசாலைக்கோ போய்விட வேண்டும்.

பைக்குள் என்ன

ஆவணங்கள்: இறுக்கிக் கட்டிய இரட்டைப் பொலித்தீனில் போட்டு உயரத்தில் வையுங்கள். அடையாள அட்டை, பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி அல்லது உத்தரவுப் பத்திரம், வங்கிப் புத்தகம், அடகுத் துண்டு, கிளினிக் கொப்பி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் முறைப்பாட்டுப் பிரதிகளையும் படங்களையும் தனியாகச் சுற்றுங்கள். பத்திரங்களின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வைத்தால் பிரதேச செயலகத்திலோ காணிப் பதிவகத்திலோ பிரதி கேட்பது சுலபம். படத்துக்குப் பிரதி தரும் கந்தோர் கிடையாது. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்புங்கள். எல்லாம் ஒரே பையில் மட்டும் இருந்ததுதான் நாங்கள் விட்ட பிழை.

தண்ணீர்: ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் மூன்று நாளுக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 60 லீற்றர்.

மற்றவை: விஸ்கோத்து, பால்மா, ஒரு வாரத்துக்கான மருந்து, ஜீவனி, ரோச் லைற், பற்றரியில் வேலை செய்யும் வானொலி, பவர் பாங்க், தறப்பாள், கயிறு, பெண்களுக்கான துவாய்கள், கொஞ்சம் காசு.

ஓட முடியாதவர்கள்

எங்கள் ஊர்களில் காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், தனித்து வாழும் முதியவர்கள் பலர். அவர்கள் வெளிக்கிடும் முறையை முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். யார் தூக்குவது, யாருடைய வாகனம், அவர் இல்லாவிட்டால் அடுத்தது யார் என்று இரண்டு அயலவர்களின் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செயற்கைக்கால், ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி இரவில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும். இப்படியானவர்கள் இருக்கும் வீடுகளைக் கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்துங்கள்.

இடிச் சத்தத்துக்கு இன்றும் உடல் நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். என்ன நடக்கிறது, அடுத்து எங்கே போகப் போகிறோம் என்று அவர்களுக்கு அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். கூட்டத்தில் தனியே விடாதீர்கள்.

தண்ணீர் வடிந்த பின்

வெள்ளம் மண்ணை அரித்துக் கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் துப்புரவு செய்த இடத்துக்கே கொண்டுவரலாம். தெரியாத இரும்பைத் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி இறைத்துக் குளோரின் இடும் வரை அதில் குடிக்க வேண்டாம். மற்றத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். சேற்றிலும் வயலிலும் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்குங்கள்.

வடக்குக் கிழக்கில் பெருமழையும் புயலும் பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் வரும். அம்மா இப்போது ஒவ்வொரு புரட்டாசியிலும் பையைப் பிரித்துச் சரிபார்க்கிறார். அண்ணாவின் வேறொரு படம் உறவினர் வீட்டில் கிடைத்தது. அதன் பிரதிகள் இன்று மூன்று வீடுகளில் இருக்கின்றன.