புண்ணு விழுந்த விராலும் ஒளிர்ந்த இறால் தொட்டியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாய் மீனுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது. கொடுக்கவும் வழியில்லை. மழை பெஞ்சா தண்ணி, தண்ணி கெடந்தா மீன், அவ்வளவுதான். தீனி போட்டாத்தானே அதுல மருந்தைக் கலக்க முடியும்? நம்ம வறட்சி செய்த ஒரே உபகாரம் இதுவாத்தான் இருக்கும்.

மருந்துக்கான தேவை வந்தது புண் நோயால். 1988-ல் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்து, சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. விரால், கெண்டை, கெளுத்தி உடம்பெல்லாம் சிவந்த புண். புண்ணைச் சுரண்டிப் பார்த்தால் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா இருந்தது. பழி அதன்மேல் விழுந்தது. தீனி போட்டு வளர்க்கும் குளங்களில் ஆக்சிடெட்ராசைக்ளின் கலக்கச் சொன்னார்கள். 1990களின் நடுவில்தான் உண்மையான காரணம் அஃபனோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி என்பது உறுதியானது. பாக்டீரியா புண் விழுந்தபிறகு வந்து உட்கார்ந்தது. ஆன்டிபயாடிக் அந்தப் பூஞ்சையை ஒண்ணும் செய்யாது. தின்ற மருந்தில் பெரும்பகுதியை மீன் அப்படியே தண்ணீரில் கழித்துவிடும். அந்தத் தண்ணீரில் இருக்கிற பாக்டீரியாவுக்கு அது தினப்படிப் பயிற்சி.

குண்டாறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடா ஓரத்தில் அதே காலத்தில் இறால் பண்ணைகள் பெருகின. 1994-95ல் வெள்ளைப்புள்ளி நோய் அடித்தது. அது வைரஸ், அதற்கும் ஆன்டிபயாடிக் வீண். குஞ்சு பொரிப்பகங்களின் தொல்லை வேறு. ராத்திரியில் தொட்டித் தண்ணி மினுங்கும், விடிஞ்சா குஞ்சுகள் செத்துக் கெடக்கும். ஒளிரும் விப்ரியோ ஹார்வேயிதான் காரணம். மங்களூர் மீன்வளக் கல்லூரியின் கருணாசாகர் குழு 1994-ல் வெளியிட்ட ஆய்வு இந்தியப் பொரிப்பகம் ஒன்றைப் பற்றியது. அங்கே குஞ்சுகளைக் கொன்ற கிருமி குளோராம்ஃபெனிகால் உள்ளிட்ட பல மருந்துகளுக்கு அடங்கவில்லை. கடல்நீரில் இருந்த அதன் சொந்தக்காரனைவிட வீரியமும் கூடுதல்.

குளோராம்ஃபெனிகால் ஒரு காலத்தில் டைபாய்டுக்கு முதல் மருந்து. 1972-லேயே கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைபாய்டு பரவியிருந்தது. மனுசன் விஷயத்தில் இருபது வருசத்துக்கு முன்னாடியே படித்த பாடத்தை இறால் தொட்டியில் ஏன் மறந்தோம் என்பதுதான் எனக்குப் புரியாத இடம். இதில் ஆபத்து இறாலோடு நிற்காது: எதிர்ப்பு மரபணுக்களை ஒரு பாக்டீரியா வேறு இனத்துக்கும் கைமாற்றும்.

கடைசியில் கெடுபிடி வந்தது ஏற்றுமதியால். 2002 வாக்கில் ஐரோப்பிய ஒன்றியம் நம் இறாலில் தடை செய்த மருந்துகளைக் கண்டுபிடித்தது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2016-ல் ஐரோப்பா, இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு மீன், இறால் சரக்குகளில் குறைந்தது பாதியையாவது சோதிக்க உத்தரவிட்டது. அதுவரை பத்து சதவீதம்.

அந்த 2005 சட்டம் கடலோரத்தோடு நின்றுவிடும். இப்போது நம்ம மானாவாரிக் காட்டிலும் பண்ணைக்குட்டை வெட்டி ஜிலேபியும் கட்லாவும் விடுகிறார்கள். தீனி மூட்டையும் வந்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புகள் உள்நாட்டு மீனுக்கும் உண்டு. ஆனால் குட்டைக்கரையிலேயே தராசு போட்டு, மத்தியானத்துக்குள் குழம்பாகிவிடும் மீனை எந்த ஆய்வகம் பார்க்கும்?