நீரிழிவுக் கீட்டோன் அமிலத்தேக்கம்

நீரிழிவுக் கீட்டோன் அமிலத்தேக்கம் என்பது உடலில் இன்சுலின் மிகவும் குறைந்துவிடுவதால் குருதியில் கீட்டோன்கள் எனப்படும் அமிலப் பொருட்கள் மிகுந்து, உடல்நீர் வற்றி, உயிருக்கு இடர் விளைவிக்கும் வளர்சிதைமாற்ற அவசரநிலை ஆகும். மருத்துவமனைகளில் இது சுருக்கமாக டி.கே.ஏ. என்று வழங்கப்படுகிறது. முதலாம் வகை நீரிழிவு உடையவர்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. கடும் நோய்த்தொற்று போன்ற சூழல்களில் இரண்டாம் வகை நீரிழிவு உடையவர்களுக்கும் ஏற்படலாம்.

இதற்கான மருந்துகள் மூன்றே: உப்புக் கரைசல், பொட்டாசியம், இன்சுலின். அவற்றை எந்த வரிசையில் தொடங்குவது, எந்த வேகத்தில் செலுத்துவது, எப்போது நிறுத்துவது என்பவையே நோயாளி பிழைப்பதைத் தீர்மானிக்கின்றன. எனவே மணிக்கு மணி அளந்து பதிவு செய்யும் செவிலியரின் பணி இந்நோய்ச் சிகிச்சையில் மைய இடம் பெறுகிறது.

உடலில் நிகழும் மாற்றங்கள்

குருதியில் உள்ள குளுக்கோசு தசை, கொழுப்பு உயிரணுக்களுக்குள் நுழைய இன்சுலின் தேவை. இன்சுலின் இல்லாதபோது குருதியில் குளுக்கோசு நிறைந்திருந்தும் அவ்வுயிரணுக்கள் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. உடல் மாற்று எரிபொருளாகக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குகிறது. கொழுப்பு அமிலங்கள் கல்லீரலில் அசிட்டோஅசிட்டேட்டு, பீட்டா ஐதராக்சிபியூட்டிரேட்டு ஆகிய கீட்டோன்களாக மாறுகின்றன. இவை அமிலத்தன்மை கொண்டவை ஆதலால் குருதியின் பி.எச். மதிப்பு இறங்குகிறது.

மறுபுறம், மிகுந்த குளுக்கோசு சிறுநீரில் வெளியேறும்போது நீரையும் உப்புக்களையும் உடன் இழுத்துச் செல்கிறது. வயது வந்த ஒருவர் ஏறத்தாழ 6 லிட்டர் வரை நீர் இழந்திருக்கக்கூடும். பொட்டாசியமும் பெருமளவில் இழக்கப்படுகிறது. ஆயினும் இன்சுலின் குறைவாலும் அமில மிகுதியாலும் உயிரணுக்களுக்குள் இருந்த பொட்டாசியம் குருதிக்கு வந்துவிடுவதால், முதல் பரிசோதனையில் அதன் அளவு இயல்பாகவோ உயர்ந்தோ தோன்றும்.

வரலாறு

1874 ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால், நீரிழிவு மயக்கத்தில் இருந்த நோயாளிகளிடம் காணப்பட்ட ஆழ்ந்த, இடைவிடாத மூச்சை விவரித்தார். அது இன்றும் குஸ்மால் மூச்சு என அழைக்கப்படுகிறது. இன்சுலின் கிடைப்பதற்கு முன் இந்நிலையை அடைந்தவர்கள் பெரும்பாலும் அனைவரும் இறந்தனர்.

1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. தூய்மைப்படுத்திய சாறு அதே மாதத்தில் மீண்டும் செலுத்தப்பட்டபோது அவனது குருதிச் சர்க்கரை இறங்கியது. சிறுநீரில் இருந்த கீட்டோன்களும் மறைந்தன. நெடுங்காலம் மிகப் பெரிய அளவுகளில் இன்சுலின் கொடுக்கும் முறையே இருந்தது. 1970களில் குறைந்த அளவு இன்சுலினே போதுமானது என நிறுவப்பட்டது.

காரணங்கள்

* நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று போன்ற நோய்த்தொற்றுகள்
* இன்சுலினை நிறுத்திவிடுதல் அல்லது தவறவிடுதல்
* அதுவரை கண்டறியப்படாத முதலாம் வகை நீரிழிவு
* மாரடைப்பு, பக்கவாதம், அறுவைச் சிகிச்சை
* ஸ்டீராய்டு மருந்துகள்

வாந்தி எடுக்கும் நோயாளி, "சாப்பிடவில்லை, ஆகவே இன்சுலின் போடவில்லை" என்று கூறுவது செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் செய்தியாகும். நோயுற்ற வேளையில் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடுகிறது என்பதை நோயாளிகள் அறிந்திருப்பதில்லை.

அறிகுறிகள்

மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வாந்தி, வயிற்று வலி, உலர்ந்த நாக்கு, விரைவான நாடித்துடிப்பு, குஸ்மால் மூச்சு, அழுகிய பழத்தை ஒத்த மூச்சு வாடை, சோர்வு, நினைவு மங்கல் ஆகியன முதன்மை அறிகுறிகள். தொற்று இருந்தும் காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். வயிற்று வலி அறுவைச் சிகிச்சைக்குரிய நோயாகவும், ஆழ்ந்த மூச்சு ஆஸ்துமாவாகவும் தவறாகக் கருதப்படுவது உண்டு. ஆகவே வாந்தி, மூச்சுவாங்கல், மயக்கம் ஆகியவற்றுடன் வரும் எவருக்கும் விரல் நுனியில் குருதிச் சர்க்கரையை உடனே பார்ப்பது நன்று.

கண்டறிதல்

2024 ஆம் ஆண்டின் பன்னாட்டு நீரிழிவு வல்லுநர் அறிக்கையின்படி பின்வரும் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்:

* குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். அல்லது ஏற்கனவே நீரிழிவு இருத்தல்
* குருதியில் பீட்டா ஐதராக்சிபியூட்டிரேட்டு லிட்டருக்கு 3 மில்லிமோல் அல்லது அதற்கு மேல். அல்லது சிறுநீரில் கீட்டோன் 2+ அல்லது அதற்கு மேல்
* பி.எச். 7.3க்குக் கீழ், அல்லது பைகார்பனேட்டு லிட்டருக்கு 18 மில்லிமோலுக்குக் கீழ்

சர்க்கரை உயராமலும் இந்நோய் வரலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரிடமும், கருவுற்ற நீரிழிவு நோயாளிகளிடமும் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

சிறுநீர்ப் பட்டைச் சோதனை அசிட்டோஅசிட்டேட்டை மட்டுமே காட்டும். நோயாளி தேறும்போது பீட்டா ஐதராக்சிபியூட்டிரேட்டு அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால், நிலைமை சீராகிக்கொண்டிருக்கையில் பட்டையின் நிறம் அடர்த்தியாகத் தோன்றலாம். முன்னேற்றத்தை அறியக் குருதிக் கீட்டோனே ஏற்றது.

செவிலியப் பராமரிப்பு

நீர்ம ஈடு

மூச்சுப்பாதை, சுவாசம், குருதியோட்டம் ஆகியவற்றை உறுதி செய்தபின் சிரைவழிப் பாதை அமைக்கப்படும். வயது வந்தோருக்கு முதல் 2 முதல் 4 மணி நேரம் வரை மணிக்கு 500 முதல் 1000 மில்லிலிட்டர் உப்புக் கரைசல் செலுத்துவது வழக்கம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இவ்வேகம் குறைக்கப்படும். அவர்களிடம் மூச்சுத்திணறல், நுரையீரல் ஒலி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

பொட்டாசியம்

இன்சுலின் செலுத்தியதும் பொட்டாசியம் மீண்டும் உயிரணுக்களுக்குள் சென்றுவிடும். அளவு ஏற்கனவே குறைவாக இருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரிழப்பு நேரலாம். ஆகவே பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால், அதனை ஈடு செய்யும் வரை இன்சுலின் தொடங்கப்படுவதில்லை. 3.5 முதல் 5 வரை இருந்தால் கரைசலுடன் பொட்டாசியம் சேர்க்கப்படும். 5க்கு மேல் இருந்தால் பொட்டாசியம் கொடுக்காமல் 2 மணிக்கு ஒருமுறை சோதிக்கப்படும். சிறுநீர் வெளியேறுவதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். செறிந்த பொட்டாசியக் குளோரைடை ஒருபோதும் நேரடியாகச் சிரையில் செலுத்தலாகாது.

இன்சுலின்

உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 0.1 அலகு வீதம் குறுகிய நேர இன்சுலின் இயந்திர ஊசிவழி செலுத்தப்படுகிறது. இன்சுலின் நெகிழிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. எனவே நோயாளியுடன் இணைக்கும் முன் குழாயில் சிறிதளவு கரைசலை ஓடவிட்டுக் கழித்துவிடுவர்.

சர்க்கரை 250க்குக் கீழ் இறங்கியதும் இன்சுலினை நிறுத்திவிடுவது அடிக்கடி நேரும் தவறு. கீட்டோன்கள் அப்போதும் குருதியில் இருக்கும். அந்நிலையில் டெக்ஸ்ட்ரோசுக் கரைசலைச் சேர்த்து, இன்சுலினை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 0.05 அலகாகக் குறைத்துத் தொடர வேண்டும். குருதிக் கீட்டோன் 0.6 மில்லிமோலுக்குக் கீழும், பி.எச். 7.3 அல்லது அதற்கு மேலும் வந்தபின்னரே அமிலத்தேக்கம் நீங்கியதாகக் கொள்ளப்படும். அதன்பின், தோலடி இன்சுலின் போட்டு 1 முதல் 2 மணி நேரம் கழிந்த பிறகே சிரைவழி இன்சுலின் நிறுத்தப்படும்.

கண்காணிப்பு

* மணிக்கு ஒருமுறை: குருதிச் சர்க்கரை, நாடி, குருதி அழுத்தம், மூச்சு வீதம், நினைவு நிலை, நீர்ம வரவு செலவு
* 2 முதல் 4 மணிக்கு ஒருமுறை: பொட்டாசியம், பைகார்பனேட்டு, கீட்டோன்
* தொடர்ச்சியாக: இதய மின்வரைவு

குழந்தைகள்

நூற்றில் ஒருவருக்கும் குறைவாக ஏற்பட்டாலும், குழந்தைகளின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் மூளை வீக்கமே. பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் 12 மணி நேரத்தில் இது தோன்றும். தலைவலி, மீண்டும் வாந்தி, எரிச்சல், நாடி குறைதல், புதிதாக ஏற்படும் தூக்கக் கலக்கம் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். சோர்ந்த குழந்தை உறங்குவதாக எண்ணி விட்டுவிடக்கூடாது. குழந்தைகளுக்கு நீர்மம் தொடங்கி ஒரு மணி நேரமாவது கழிந்த பின்னரே இன்சுலின் தொடங்கப்படுகிறது.

இன்சுலின் செறிவுகள்

இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் இன்சுலின் கிடைக்கிறது. 40க்கான ஊசிக்குழலின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. 40க்கான ஊசிக்குழலில் 100 செறிவு இன்சுலினை 10 என்ற கோடு வரை எடுத்தால் உண்மையில் 25 அலகுகள் செல்லும். மாற்றி எடுத்தால் 4 அலகுகளே செல்லும். குப்பியையும் ஊசிக்குழலையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல், மற்றொரு செவிலியரைக் கொண்டு சரிபார்த்தல் ஆகியன இப்பிழையைத் தவிர்க்கும்.

தடுப்பு

வீடு திரும்பும் முன் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் கற்பிக்க வேண்டியவை:

* உணவு உட்கொள்ள முடியாவிட்டாலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தக்கூடாது
* நோயுற்ற நாட்களில் சர்க்கரையை அடிக்கடி சோதித்து, நீர் மிகுதியாகப் பருக வேண்டும்
* வாந்தி நிற்காவிட்டாலோ, கீட்டோன் தோன்றினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்

இன்சுலின் வாங்க இயலாமையால் நோயாளி அதை நிறுத்தியிருந்தால் அறிவுரை மட்டும் போதாது. காரணத்தைக் கேட்டறிந்து, அரசு மருத்துவமனையில் இன்சுலின் பெறும் வழியைக் காட்டுவதும் செவிலியரின் பணியே.

இவற்றையும் பார்க்கவும்

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* குருதிச் சர்க்கரைக் குறைவு
* கணையம்