கழுத்திலிருந்து குதிகாலுக்கு: தைராய்டு ரத்தப் பரிசோதனை வந்த வழி

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலை. திருவண்ணாமலையில் இரவெல்லாம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்த ஒருவர், வந்ததுதான் வந்தோம் என்று ஊர் பஸ் ஏறுமுன் ஒரு லேபில் தைராய்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். அளவு எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கலாம். அதற்காக அவருக்கு ஒரே இரவில் நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை இரவில்தான் கூடுதலாகச் சுரக்கும். அந்த ஏற்றத்தை அடக்கிவைப்பது தூக்கம். கண் விழித்தவருக்கு அந்தக் கடிவாளம் இல்லை.

இவ்வளவு நுட்பமான ஏற்ற இறக்கத்தை ஒரு சின்னக் குழாய் ரத்தம் காட்டிவிடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு தைராய்டு சுரப்பியின் கோளாறை அறிய மருத்துவருக்கு இருந்த கருவிகள் பெரும்பாலும் கண்ணும் விரலும்தான். அளக்கும் திறன் வளர்ந்த கதையோடு, யாரை எப்போது அளப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வளர்ந்தது. முதலாவதற்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது இன்னும் முடியவில்லை.

கண்ணுக்குத் தெரிந்த காலம்

தைராய்டு என்றால் அன்று முன்கழுத்துக் கழலை. வீக்கம் தெரிந்தால் நோய், தெரியாவிட்டால் பெரும்பாலும் இல்லை என்பதே கணக்கு. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு ஓய்ந்துபோன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தினார். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அப்போது ‘ஹார்மோன்’ என்ற சொல்லே கிடையாது. எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதைப் பயன்படுத்தியது 1905இல். மருந்து முதலில் வந்தது, பெயர் பிறகு வந்தது, அளவுகோல் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

அதே காலத்தில் கில்கித் மலைப்பகுதியில் பணியாற்றிய ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், கழலை பரவியிருந்த ஊர்களின் தண்ணீரில்தான் காரணம் இருக்கிறது என்று நம்பினார். அதை நிரூபிக்க அந்தத் தண்ணீரின் கசடைத் தானே குடித்துப் பார்த்தார். பிற்பாடு அவர் வந்து சேர்ந்தது நீலகிரியின் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918இல் சிறிய அளவில் தொடங்கிய அவருடைய ஊட்டச்சத்து ஆய்வுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

பஸ்ஸில் இடம் பிடித்த இன்சுலின்

திருப்பம் வந்தது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு மருத்துவமனையில். இயற்பியல் படித்த ரோசலின் யாலோவும் மருத்துவர் சாலமன் பெர்சனும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். விலங்கின் இன்சுலினை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களின் ரத்தத்தில், அந்த இன்சுலினைப் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. இதை எழுதி அனுப்பியபோது ஆய்விதழ்கள் நம்பவில்லை. தலைப்பிலிருந்து ‘எதிர்ப்பொருள்’ என்ற சொல்லை எடுத்த பிறகே 1956இல் கட்டுரை அச்சேறியது. தங்கள் கட்டுரையை மறுத்த கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, நோபல் உரையில் எடுத்துக் காட்டினார்.

அந்த எதிர்ப்பொருளையே அவர்கள் அளவுகோலாக்கினார்கள். பௌர்ணமிச் சிறப்புப் பேருந்தை நினைத்துக்கொண்டால் போதும். இருக்கைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். சிவப்புத் துண்டு அணிந்த ஐம்பது பேர் ஏறுகிறார்கள். துண்டு இல்லாத கூட்டமும் முண்டியடிக்கிறது. எத்தனை சிவப்புத் துண்டுகள் இடமின்றி நிற்கின்றன என்று எண்ணினால், மற்றவர்கள் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது கணக்கில் வந்துவிடும். இருக்கை எதிர்ப்பொருள், சிவப்புத் துண்டு கதிரியக்கம் ஏற்றிய இன்சுலின், மற்றவர்கள் நோயாளியின் சொந்த இன்சுலின். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் பொருளை இப்படி எண்ண முடிந்தது.

இந்த முறை 1960இல் முழுமையாக வெளியானது. பின்னர் டி.எஸ்.ஹெச். போன்ற ஹார்மோன்களுக்கும் இதுவே அளவுகோலானது. இருவரும் காப்புரிமை வாங்கவில்லை. பெர்சன் 1972இல் இறந்தார். யாலோவுக்கு 1977இல் நோபல் கிடைத்தது. 1971இல் கதிரியக்கம் தேவைப்படாத ‘எலைசா’ முறையும், பின்னர் ஒளி உமிழும் வேதிப்பொருள் முறையும் வந்தன. ஆய்வகத்துக்குள் அடைபட்டிருந்த அளவீடு மாவட்டத் தலைநகர் லேபின் இயந்திரம்வரை இறங்கி வந்தது இப்படித்தான்.

உப்பும் தொப்புள்கொடியும்

கழலைக்கு முக்கியக் காரணம் அயோடின் குறைவு. இந்தியாவில் 1956இல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, இரண்டில் மட்டும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். அந்த இரண்டில் கழலை குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அடுத்த பாய்ச்சல் 1980களில் நிகழ்ந்தது. எய்ம்ஸின் என். கொச்சுப்பிள்ளை குழுவினர் உத்தரப் பிரதேசத்தின் தெராய் பகுதியில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். கழுத்தில் எதுவும் தெரியாத பச்சிளங் குழந்தைகளிடமே ஹார்மோன் குறைவு மிகுதியாக இருந்தது. நோய் இருக்கும் இடத்தைக் கண்ணால் தேடுவது போதாது என்பது அங்கே உறுதியானது.

தமிழகத்தின் கதையில் உப்புக்குத் தனி இடம் உண்டு. தூத்துக்குடி நாட்டின் பெரிய உப்பளங்களில் ஒன்று. ஆனால் நம் அடுப்படிச் சாடிகள் பலவற்றில் இருப்பது பெரும்பாலும் அயோடின் சேராத கல்லுப்பு. 2018-19 அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம், தமிழகத்தில் 61.9 சதவீதம். மாநிலங்களில் இதுவே கடைசி. சந்தேகம் இருந்தால் கள ஊழியர் ஒரு சிட்டிகை உப்பின் மேல் சோதனைக் கரைசலைச் சொட்டுவார். நீலம் பூத்தால் அயோடின் இருக்கிறது. வெள்ளையாகவே கிடந்தால் இல்லை.

குதிகாலில் ஒரு துளி

1970களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக்கில் ஜான் துஸ்ஸோ, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, அதில் தைராய்டு ஹார்மோனை அளந்து காட்டினார். பிறவியிலேயே தைராய்டு இயங்காத குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்தது திரும்பாது. வெளியே அறிகுறி தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் 1,04,066 குழந்தைகளைச் சோதித்தபோது, சராசரியாக 1,130 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தது. சென்னையில் 727க்கு ஒன்று. மற்ற நகரங்கள் எதிலும் இவ்வளவு இல்லை. பிறவிக் குறைகளைத் தேடும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 2013 முதல் இந்த நோயும் பட்டியலில் இருக்கிறது.

பெரியவர்களின் பரிசோதனை பேக்கேஜ்

பெரியவர்களிடம் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு, 10.95 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு என்றது. ஐந்தில் ஒருவருக்கு மேல் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருந்தது. இவ்வளவு பரவலாக இருந்தால் எல்லோரையும் சோதித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அறிகுறியற்ற பெரியவர்களைச் சோதிப்பதால் நன்மை உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என 2015இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு முடிவு செய்தது. டி.எஸ்.ஹெச். மட்டும் லேசாக உயர்ந்திருந்த, 65 வயதைத் தாண்டிய 737 பேருக்கு நடந்த ஐரோப்பிய ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ வித்தியாசமில்லை என்று 2017இல் தெரிந்தது.

ஆகவே கர்ப்பிணி, குடும்பத்தில் தைராய்டு நோய் உள்ளவர், காரணமின்றி எடை கூடியோ சோர்ந்தோ போகிறவர் ஆகியோருக்கு டி.எஸ்.ஹெச். எண் வழிகாட்டும். மற்றவர்களுக்கு ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காமல், சில வாரம் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் மறுபடி அளப்பதே வழக்கம். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரையைச் சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல இயந்திரங்களில் அது அளவைத் தாறுமாறாக்கும்.

குழந்தைக்கு அப்படிக் காத்திருக்க வழியில்லை. பிறந்தவுடன் டி.எஸ்.ஹெச். இயல்பாகவே எகிறும் என்பதால் குதிகால் ரத்தத்தை 48 மணி நேரம் கழித்து எடுப்பதுதான் நல்லது. சுகப்பிரசவமான தாயோ அதற்குள் வீட்டுக்குக் கிளம்பத் துடிப்பார். அதனால்தான் சில இடங்களில் பிரசவ அறையிலேயே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு குழந்தை பிறந்தால், உலர்ந்த துளியுள்ள தாள் தபாலில்கூட லேபுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அளவு சரியில்லை என்றால் அந்தத் தாயை இரண்டு வாரத்துக்குள் தேடிப் பிடிக்க, தாளின் மூலையில் எழுதிய செல்போன் எண் சரியாக இருக்க வேண்டும்.