இல்லாத காலில் வலி

அறுத்து எடுத்துவிட்ட உறுப்பில் வலி உண்டாகுமோ? மாணவர்களே, 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ரண வைத்தியர் அம்புரோஸ் பாரே, காலை இழந்தவர்கள் அக்கால் இன்னும் வலிப்பதாகக் கூறுவதைக் குறித்து வைத்தார். காரணம் புலப்படவில்லை, ஆதலால் கேட்டோரில் பலர் நம்பவுமில்லை.

நம்பியவர்களுள் ஒருவர் அமெரிக்க வைத்தியர் சைலஸ் வெயர் மிட்செல். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு அவர் பிலடெல்பியா நகரில் சிகிச்சை அளித்தார். ஆயினும் தாம் கண்டதை 1866இல் முதலில் ஒரு கதையாக, அதுவும் தம் பெயரின்றியே வெளியிட்டார். கதாநாயகனை உண்மை மனிதன் என்று எண்ணி வாசகர்கள் பணம் திரட்டினார்களாம்! கற்பனை மனிதனுக்கு இரங்கிய உலகம், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவனைச் சந்தேகித்தது. 1871இல்தான் 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரை அவர் இதற்குச் சூட்டினார்.

இந்தச் சந்தேகம் நம்மிடமும் உண்டு. மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ளது எங்கள் கூனிமேடு. அங்கே சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்த முதியவர் ஒருவர், இல்லாத பாதம் உப்புப் பாத்தியில் நிற்பதுபோல் எரிகிறது என்று இரவெல்லாம் அரற்றுவார். "காலே இல்லையே, தாத்தா! எரிச்சல் எங்கே?" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர்களோ மந்திரிக்க ஆள் தேடினார்கள். நாளடைவில் அவர் வலியைச் சொல்வதையே விட்டுவிட்டார். வலியைவிட அந்த மௌனம் கொடியது என்பது என் எண்ணம்.

இதில் புதிய வழி காட்டியவர், தமிழ்நாட்டில் 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன். உறுப்பு போனாலும் மூளையில் அதற்குரிய இடம் போய்விடுவதில்லை. 1990களில் அவர் அமெரிக்காவில், ஒரு பெட்டியின் நடுவே நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். கையிழந்தவர் நல்ல கையை அதன்முன் வைத்து அசைத்தால், இழந்த கையே அசைவதுபோல் கண்ணுக்குத் தெரியும். இறுக மூடிக்கிடந்த மாயக் கை விரிந்தது. சிலருக்கு வலியும் தணிந்தது. காலுக்கும் இம்முறை பின்னர்க் கையாளப்பட்டது.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. நரம்பு வலிக்கான மருந்து, உடற்பயிற்சி, பொருத்தமான செயற்கைக் கால் எனப் பலவும் சேரவேண்டியிருக்கிறது. உறுப்பிழந்தோர்க்கு மட்டுமன்று, குடலிறக்கம் போன்றவற்றிற்குச் செய்யும் சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்கு வலி நிலைத்துவிடுகிறது. அவ்வாறு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, 2019இல் ஏற்கப்பெற்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனி இடம் தரப்பட்டுள்ளது.