'நேட்டிவ்' என்னும் அடைமொழி

மும்பையிலோ தில்லியிலோ தமிழர் இருவர் சந்தித்தால், "உங்களுக்கு நேட்டிவ் எது?" என்று வினவிக்கொள்வதுண்டு. சொந்த ஊர் என்னும் இனிய பொருளில் நாம் வழங்கும் இச்சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டில் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகைகளில் இடத்துக்கு ஒரு பொருள் கொண்டிருந்தது.

'நேட்டிவ் சமஸ்தானம்', 'நேட்டிவ் காலாட்படை' என்றபோது அது வெறும் வகைப்பெயர். 'நேட்டிவ் பத்திரிகை' என்றபோதோ சந்தேகம் கலந்துவிடும். இந்திய மொழிப் பத்திரிகைகள் எழுதியவற்றை அரசாங்கம் வாரந்தோறும் மொழிபெயர்த்துச் சுருக்கித் தன் அதிகாரிகளுக்கு இரகசியமாக அனுப்பி வந்தது. 'நேட்டிவ் நீதிபதி' என்னும்போது ஏளனமே மேலோங்கிற்று. 1878-இல் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமனம் பெற்றதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்தன. அவற்றுக்கு விடையிறுக்கவே, இளைஞர் அறுவர் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதிகளுடன் 'ஹிந்து'வைத் தொடங்கினர்.

அவ்வறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தமிழ்ப் பத்திரிகை ஒன்றும் கண்டார். பெயர் 'சுதேசமித்திரன்'. 'நேட்டிவ்' என்பதற்கு ஈடாக வழங்கிய 'சுதேச' என்னும் சொல்லையே அவர் பெருமையுடன் முகப்பில் ஏற்றினார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தபின் அச்சொல் 'சுதேசி' என்ற வடிவில் துணிக்கும் தீப்பெட்டிக்கும் அடைமொழியாயிற்று. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் கப்பல் கம்பெனியும் அதனைத் தாங்கிற்று. அரசாங்கத்தார் இதனை நன்றாகவே புரிந்துகொண்டனர்: 1908-இல் கப்பலோட்டியவர் மீதும் பத்திரிகை நடத்தியவர் மீதும் இராஜத்துவேஷக் குற்றம் சாட்டினர்.