தூண்டில் தடிக்கு ஒரு குழாய்

மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த தூண்டில் தடி, வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது நுனி முறிந்து கிடந்தது. தடித்த மட்டைக் குழாய்க்குள்தான் வைத்துச் சுற்றியிருந்தார். ஏற்றி இறக்கியதில் குழாயின் நடுப்பகுதி நசிந்துவிட்டது.

கடையில் வாங்கிய தடி என்றால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டோம். வெறும் கார்பன் தண்டை வாங்கி, தக்கையில் கைபிடி பூட்டி, வளையங்களை ஒவ்வொன்றாக நூலால் வரிந்து, மேலே எபொக்சி பூசி மாமாவே செய்தது. கைபிடிக்குச் சற்று மேலே, அந்தப் பூச்சுக்கு அடியில் ஒரு பெயர் எழுதியிருக்கிறார். 1990 யூனில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது கரையில் விட்டுவந்த எங்கள் வள்ளத்தின் பெயர். 2017 யூலையில் துறைமுகம் விடுவிக்கப்பட்டு அப்பா போய்ப் பார்த்தபோது அதன் ஒரு பலகைகூட இல்லை. எங்களிடம் அதன் படமும் இல்லை.

முறிந்த இடத்தில் வெட்டி, புதிய நுனிவளையம் ஒட்டித் தடியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மாமா திரும்பிவிட்டார். குழாய் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

தண்ணீர்க் குழாய்தான் இதற்கு நல்லது. நாங்கள் எஸ்லோன் என்று சொல்லும் அதே பிவிசி. கடைக்குப் போகமுதல் ஒரு வேலை செய்யுங்கள். தடியின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துத் துணியால் சுற்றி, ஆகப்பெரிய வளையம் இருக்கும் இடத்தில் அகலத்தை அளவெடுங்கள். நான் கண்மதிப்பில் 63 மில்லிமீற்றர் வாங்கி, வளையம் சிக்கி, திரும்பவும் போய் 75 வாங்கினேன். கடைக்காரர் சொல்வது வெளிவிட்டம். சுவரின் தடிப்பைக் கழித்தால்தான் உள்ளளவு. 400, 600, 1000 என்று தரம் சொல்வார்கள். எண் கூடக்கூடச் சுவர் தடிக்கும், பாரமும் ஏறும். தோளில் கொண்டுபோக 600 தாராளம்.

எங்கள் தடி ஏழடி, இரண்டு துண்டு. ஒரு துண்டு ஏறத்தாழ 107 சென்ரிமீற்றர் என்பதால் குழாயை 115இல் வெட்டினேன். வெட்டிய விளிம்பைச் சாண்ட் பேப்பரால் தேய்க்காவிட்டால் நூல்வரிச்சை அது சுரண்டும். அடிமூடியைப் பசை போட்டு ஒட்டிவிடலாம். மேல்மூடிக்குப் பசை வேண்டாம். மரை மூடி கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு முனைக்கும் பழைய பாட்டாவின் அடியை வட்டமாக வெட்டி வைத்தேன். கடையில் விற்கும் பஞ்சைவிட அது நன்றாக அடி தாங்குகிறது. உறை, அப்பாவின் பழைய சாரத்தில் அம்மா தைத்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி அறை வையுங்கள், ஒன்றோடொன்று உரசக்கூடாது. கார்பன் அடிபட்டால் அந்த இடத்திலேயே முறியவேண்டும் என்றில்லை. கண்ணுக்குத் தெரியாத வெடிப்போடு இருந்து, பெரிய மீன் இழுக்கும் நாளில் கைவிடும்.

குழாய் தடியைக் காக்கும், ஈரத்தையும் சேர்த்துக் காக்கும். உப்புத்தண்ணீரோடு உள்ளே வைத்து மூடினால் வளையம் கறள்பிடிக்கும், தக்கை பூஞ்சணம் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு இரவு காயவிட்டுத்தான் வைக்கவேண்டும். மூடியில் சிறு துளையும் போட்டேன். காற்றுப் போய்வரும், மூடியும் இறுகாது. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் குழாயை விடவேண்டாம்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு. குழாய்க்குப் பச்சை நிறம் பூசாதீர்கள், மேல்மூடியை நாடாவால் சுற்றிக் கட்டாதீர்கள். நீளமான குழாயோடு விடியப்புறம் போகும் ஆளை மறித்துக் கேட்டால் ஒரு திருகில் திறந்து காட்டக்கூடியதாக இருக்கவேண்டும். அப்பாவை ஒருமுறை மறித்தார்கள். திறந்து காட்டி, அந்தப் பெயர் என்னவென்றும் விளங்கப்படுத்திவிட்டு வந்தார்.

பல விமான நிறுவனங்கள் பயணப்பொதியின் நீள, அகல, உயரக் கூட்டுத்தொகை 158 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது என்கின்றன. இந்தக் குழாய் மூடிகளோடு 140க்குள் அடங்கும். மாமா அடுத்த தடிக்குத் தண்டு வாங்கிவிட்டாராம். அளவுகளை நேற்று வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.