முல்கோவால் தடுப்பூசித் துயரம்

முல்கோவால் தடுப்பூசித் துயரம் என்பது 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்த நிகழ்வாகும். அன்று ஐந்து புட்டிகள் திறக்கப்பட்டன. இறந்த 19 பேருக்கும் மருந்து எடுக்கப்பட்டது ஒரே புட்டியிலிருந்து. அதன் எண் 53-என். மற்ற நான்கு புட்டிகளின் மருந்தைப் பெற்ற எவருக்கும் இந்நோய் வரவில்லை.

மருந்தை உருவாக்கியவர் ஒடெசாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அரசு அவரை அங்கு அனுப்பியது. நெய்த்துளிகள் மிதக்கும் இறைச்சிச் சாற்றில் பிளேக் கிருமிகளை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்து மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். 1902இல் பஞ்சாபிலிருந்து பெருமளவில் மருந்து கேட்டபோது, விரைவாகத் தயாரிப்பதற்காகக் கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் நம்பினார். பாரிசின் பாஸ்டர் நிறுவனம் முன்னரே கையாண்ட முறைதான் அது.

அரசு அமைத்த விசாரணை ஆணையம் இந்த மாற்றத்தையே பிடித்துக்கொண்டது. புட்டி திறக்கப்படும் முன்பே, பம்பாய் ஆய்வுக்கூடத்தில், கிருமி புகுந்துவிட்டது என முடிவு செய்தது. ஹாஃப்கின் இயக்குநர் பதவியை இழந்தார்.

ஆனால் விசாரணைச் சாட்சியத்திலேயே வேறொரு செய்தி இருந்தது. 53-என் புட்டியின் தக்கையை எடுக்கும் முன் உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. விதிப்படி அதைத் தீயில் காட்டியிருக்க வேண்டும். அவர் கார்பாலிக் நீரில் அலசிவிட்டு அதே இடுக்கியால் தக்கையைப் பிடுங்கினார். இரணஜன்னிக் கிருமி வாழுமிடம் மண். அதன் வித்துகள் கார்பாலிக் நீரில் ஒரு முறை அலசினால் சாவதில்லை. மேலும், இக்கிருமி பல நாள் வளர்ந்த சாறு கெட்ட நாற்றம் வீசும். 53-என் புட்டியோ அடைக்கப்பட்டு 41 நாள் ஆகியிருந்தும், திறந்தபோது நாற்றம் எதுவும் இல்லை. அப்படியானால் கிருமி எப்போது புகுந்தது? ஆணையம் இக்கேள்வியை எடைபோட்ட விதம் நியாயமானதாகத் தோன்றவில்லை.

1907 ஜூலையில் மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பத்து அறிஞர்கள் லண்டன் டைம்ஸ் இதழில் கடிதம் எழுதினர். அதன்பின்னரே ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. அவ்வாண்டே இந்தியா திரும்பினார், கல்கத்தாவுக்கு. பம்பாய் ஆய்வுக்கூடம் 1925இல் அவர் பெயரைப் பெற்றது.

மாணவர்கள் இங்கே இரண்டு செயல்களைப் பிரித்தறிய வேண்டும். இருக்கும் கிருமியைக் கொல்வது ஒன்று. கொன்றபின் புதிதாகக் கிருமி புகாமல் கையாள்வது மற்றொன்று. ஹாஃப்கினின் வெப்பம் முதல் வேலையைச் செய்தது. இரண்டாவது வேலை இடுக்கி பிடித்த கையில் இருந்தது.

சில மருந்துகளில் இரண்டாவது வேலையே எல்லாம். பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பு மருந்தில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, உயிருள்ள நுண்ணுயிர். சூடாக்கினால் மருந்தே செத்துப்போகும். கிருமிநாசினி கலக்கவும் வழியில்லை. ஆகவே தொடக்கம் முதல் குப்பியில் அடைக்கும்வரை தூய அறையும் தூய கையும்தான் காவல். சென்னை கிண்டியில் 1948இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வுக்கூடத்தின் உற்பத்தி உரிமம், நல்ல உற்பத்தி நடைமுறைகளுக்கு ஏற்ப இல்லை என்று 2008 ஜனவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. குன்னூர், கசௌலி அரசு நிறுவனங்களுக்கும் அதே நிலை. 2010இல்தான் தடை நீங்கியது. பழைய கூடங்களைப் புதுப்பிக்காமல் விட்டிருந்த அரசுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒகேனக்கல், பென்னாகரம் பகுதிச் சிற்றூர்களில் குழந்தையைத் தூக்கிவரும் தாய்மார், பாதி மருந்து இருக்கும்போதே செவிலியர் குப்பியை ஒதுக்குவதைப் பார்த்து, வீணாகிறதே என்பதுண்டு. உப்புநீரில் கரைத்த பி.சி.ஜி. மருந்தை 4 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ஊசி நுழையும் ஒவ்வொரு முறையும் கிருமி புக வாய்ப்பு உண்டு. புகுந்துவிட்டால் அதைக் கொல்ல அக்குப்பிக்குள் எதுவும் இல்லை. குப்பியின்மேல் அவர் எழுதிவைக்கும் மணி இதற்காகத்தான்.